உங்கள் ஓட்டுநர் மகிழ்ச்சியாக இருக்கிறார்

கெடிலம் போக்குவரத்து நிறுவனத்தில் கவலை தடை செய்யப்பட்டது 2009-ஆம் வருஷம். அதற்கு முன்னால் அங்கே ஓட்டுநர்கள் கவலைப்பட்டுக்கொண்டேதான் வண்டி ஓட்டினார்கள். மகளுக்கு வரன் அமையாத கவலை, ஒழுகுகிற வீட்டுக் கவலை, மூலவியாதிக் கவலை என்று அவரவர் வசதிக்கு ஒன்றை வைத்திருந்தார்கள். நிறுவனம் யாரையும் கேட்டதில்லை. அந்த வருஷம் பொங்கல் கழிந்ததும் சென்னையிலிருந்து ஒரு நிபுணர் குழு வந்தது. கடலூர்ப் பணிமனையில் மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டு ஆராய்ந்து, விபத்துக்குக் காரணம் பிரேக்கும் அல்ல, ரோட்டுப் பள்ளமும் அல்ல, ஓட்டுநரின் மனம்தான் என்று கண்டுபிடித்தது. மனம் சோர்ந்தால் கவனம் சிதறும், கவனம் சிதறினால் வண்டி மோதும். இதில் தப்பு ஒன்றும் இல்லை. வண்டி ஓட்டுகிற எவனைக் கேட்டாலும் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் இதைச் சொல்லியிருப்பான். நிபுணர் சொன்னதால் நிறுவனம் கேட்டது. கேட்டதோடு நிற்காமல் நடவடிக்கையும் எடுத்தது. வினை அங்கேதான் பிடித்தது.

அதே சமயத்தில் காத்தவராயனுக்கு மனசு சரியில்லாமல் போயிருந்தது. நிறுவனத்தின் கண்ணுக்கு இது வேண்டுமென்றே செய்த வேலை மாதிரிதான் பட்டிருக்கும்.

காத்தவராயன் மேல்பட்டாம்பாக்கத்துக்காரர். கடலூர் – சிதம்பரம் தடத்தில் ஓட்டுநர். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஒரு கோழிக்குஞ்சைக்கூட நசுக்கியதில்லை என்று பணிமனையில் பேர். இந்தப் பேரில் பாதி கண்டக்டர் ராமாமிர்தத்துக்குச் சேர வேண்டியது. ஓட்டுகிறவனுக்குப் பின்னால் கண் கிடையாது. பின்படிக்கட்டில் ஒருத்தி கால் வைத்திருக்கிறாளா, ஒரு கிழவர் தொங்குகிறாரா என்று அவனுக்குத் தெரியாது. கண்டக்டரின் விசில்தான் அவனுக்குக் கண். ஒரு விசில் அடித்தால் நிறுத்த வேண்டும், இரண்டு அடித்தால் எடுக்க வேண்டும். ராமாமிர்தம் அந்த இரண்டாவது விசிலைக் கொஞ்சம் இழுத்து அடிப்பார். அதைக் கேட்டால் காத்தவராயனின் கால் தானாகவே கிளட்சை விடும். புத்தி அதற்குப் பிறகுதான் வரும்.

பொங்கலுக்கு முந்தின வாரம் புதுச்சத்திரத்தில் வண்டி நின்றது. ஆள் இறங்கி, ஆள் ஏறி முடிந்தும் விசில் வரவில்லை. "என்னா மச்சான், தூக்கமா?" என்று காத்தவராயன் திரும்பாமலே கத்தினார். தோல்பையை மடியில் அணைத்தபடி கம்பியில் சாய்ந்திருந்த ராமாமிர்தம் பதில் சொல்லவில்லை. சிதம்பரம் வரைக்கும் எங்கேயும் நிறுத்தாமல் ஆஸ்பத்திரி வாசலுக்கே வண்டியைக் கொண்டுபோனார் காத்தவராயன். டாக்டர் மார்பில் கையை வைத்தார், எடுத்தார், அவ்வளவுதான். ராமாமிர்தத்தின் சொந்த ஊரான ஸ்ரீமுஷ்ணத்தில் கொள்ளி வைத்த கையோடு மறுநாள் டூட்டிக்கு வரச் சொன்னார்கள். வந்தார்.

அன்றிலிருந்து விசில் கேட்கத் தொடங்கியது. நிறுத்தத்தில் நின்றதும் இரண்டு விசில், இரண்டாவது இழுத்து. கால் கிளட்சை விட்டுவிடும். பார்த்தால் புதுக் கண்டக்டர் பழனிவேல் நடுவில் நின்று டிக்கெட் கிழித்துக்கொண்டிருப்பார். விசில் அவர் சட்டைப்பையில் கிடக்கும். ஒருமுறை காரைக்காட்டில் இப்படி எடுத்தபோது பள்ளிக்கூடப் பெண் ஒருத்திக்கு ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலும் இருந்தது. நாலு பேர் கத்தியதால் பிழைத்தாள். காத்தவராயன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்துவிட்டார். யாரையாவது கொன்றுவிடுவோம் என்று அவருக்கு அப்போதே நிச்சயமாகத் தெரிந்துவிட்டது.

மறுநாளே கிளை மேலாளர் தட்சிணாமூர்த்தியின் முன்னால் போய் நின்றார்.

"சார், கொஞ்ச நாளைக்கு என்னய வண்டியிலேருந்து எறக்கி வுடுங்க. டிப்போவுல எந்த வேல குடுத்தாலும் செய்யறேன்."

"ஏன், கண்ணு தெரியலயா?"

"தெரியுது சார். காதுதான். அடிக்காத விசில் கேக்குது."

தட்சிணாமூர்த்தி பேனாவை மூடி வைத்து யோசித்தார். "கேக்கலன்னாதான்யா கோளாறு. ஜாஸ்தியா கேட்டா அது கோளாறுல வராது."

"ராமாமிர்தம் போனதுலேருந்து இப்புடித்தான் சார். மனசு ரோட்டுல நிக்க மாட்டேங்குது."

"ராமாமிர்தம் ஒனக்கு என்னா ஒறவு?"

"மச்சான்னு கூப்புடுவேன் சார். கண்டக்டர்."

"அப்பா, அம்மா, சம்சாரம், புள்ள... இவுங்க செத்தா துக்க லீவு உண்டு. கண்டக்டர் செத்தா வேற கண்டக்டர் போடணும்னுதான் விதி. அதான் போட்டாச்சே?"

"லைட் டூட்டியாவது..."

"அதுக்கு ஆக்சிடென்ட் ஆயிருக்கணும்யா. ஒம்பேர்ல ஒண்ணுகூட இல்ல. இத்தினி வருசம் ஒழுங்கா ஓட்டிட்டு இப்ப வந்து கேட்டா ஆடிட்டுக்கு நான் என்னா பதில் சொல்றது? ஒண்ணு ஆவட்டும், பாத்து செய்வோம்."

இதை அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். மனசு சம்பந்தப்பட்டது எதுவானாலும் மனமகிழ்வுப் பிரிவில் சொல்லிக்கொள் என்று கையைக் காட்டிவிட்டுத் தட்சிணாமூர்த்தி பேனாவைத் திறந்தார்.

மனமகிழ்வுப் பிரிவு புதிதாகத் திறந்தது. அதன் அலுவலர் அறிவழகன் முந்தின மாதம் வரை டயர் பிரிவில் இருந்தவர். ஒரு பிரிவை நன்றாக நடத்தியவர் எந்தப் பிரிவையும் நடத்துவார் என்பது நிறுவனத்தின் கொள்கை. திறப்பு விழாவில் மாலையும் கழுத்துமாக அவர் பேசியதை எல்லா ஓட்டுநர்களும் வெயிலில் நின்று கேட்டார்கள்.

"நண்பர்களே! மனமும் டயரும் ஒன்று. இரண்டும் உருள்கின்றன, இரண்டும் தேய்கின்றன. தேய்ந்த டயரை நாம் தூக்கியா எறிகிறோம்? மேலே புது ரப்பரை ஒட்டுகிறோம், மறுபடி ஓட்டுகிறோம். உள்ளே என்ன கிழிந்திருக்கிறது என்று எந்தப் பயணியாவது கேட்டிருக்கிறாரா? கேட்க மாட்டார். மேலே பார்க்கப் புதிதாக இருந்தால் போதும். உங்கள் முகத்தையும் அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்."

கைதட்டினார்கள். கைதட்டாதவர்களைக் குறித்துக்கொள்ள ஒருவர் நின்றிருந்தார்.

மறுநாளிலிருந்து காலையில் வண்டி எடுக்கும் முன் ஓட்டுநர்கள் வரிசையில் நிற்க வேண்டும். ஒவ்வொருவராக அறிவழகனிடம் பல்லைக் காட்ட வேண்டும். திருப்தியானால் இடது மணிக்கட்டில் நீல மையில் வட்டமாக 'மகிழ்ச்சி' என்று முத்திரை குத்துவார். முத்திரை இல்லாதவன் வண்டியைத் தொடக்கூடாது. இதைக் கேட்டதும் காத்தவராயனுக்கு ஒரு வழி கிடைத்த மாதிரி இருந்தது. முதல் நாள் வரிசையில் வாயை இறுக்க மூடிக்கொண்டு நின்றார்.

"சிரிப்பு வரலியா?" என்றார் அறிவழகன்.

"வரல சார். மனசு சரியில்ல. வண்டி எடுத்தா யாரயாச்சும் சாவடிச்சுடுவேன்னு பயமா இருக்கு."

"கவலப்படுறியா? அத தடை பண்ணியாச்சே. சர்க்குலர் பாக்கலியா?"

அதற்குள் வெளியே பயணிகள் சத்தம் போட்டார்கள். வண்டி கிளம்ப வேண்டிய நேரம். அறிவழகன் மணிக்கட்டைப் பிடித்து முத்திரையை அழுத்தினார். "போற வழியில சிரிச்சிக்க" என்றார்.

அதன் பிறகு வண்டிக்குள் ஒரு பலகை வந்தது. 'உங்கள் ஓட்டுநர் மகிழ்ச்சியாக இருக்கிறார். அவருடன் பேசி அதைக் கெடுக்காதீர்கள்.' ஆலப்பாக்கத்தில் மீன்கூடையோடு ஏறும் மங்கலம் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு முன்னால் எட்டிப் பார்த்தாள்.

"என்னாண்ணே, போர்டுல சந்தோசமா இருக்கன்னு போட்டிருக்கு. மூஞ்சி எழவு வூடு மாதிரி இருக்கு?"

"போர்டுக்குத்தான்மா சந்தோசம்."

வேறொரு பயணி, பொழுது போகாதவர், ஓட்டுநர் சிரிக்கவில்லை என்று புகார் எழுதிப் போட்டார். உடனே ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு கண்ணாடி பொருத்தினார்கள். தான் சிரிக்கிறோமா என்று ஓட்டுநர் அடிக்கடி அதைப் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். ரோட்டை எப்போது பார்ப்பது என்று சங்கத்துக்காரர்கள் கேட்டார்கள். மீதி நேரத்தில் என்று பதில் வந்தது. அதுவும் போதாதென்று தலைக்கு மேலே ஒலிபெருக்கி வைத்தார்கள். திடீர் திடீரென்று ஒரு பெண் குரல் கேட்கும்: "அன்பான ஓட்டுநரே! உங்கள் கவனம் இப்போது எங்கே இருக்கிறது?" வளைவில் லாரிக்கு ஒதுங்கிக்கொண்டிருக்கும் கவனம் அந்தக் குரலுக்குத் துள்ளி விழும். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கு வந்தது என்பார்கள். இங்கே குரங்கு வந்த பிறகும் அதற்கே கொழுக்கட்டை படைத்தார்கள்.

ஆலப்பாக்கம் டீக்கடையில் ஒரு நாள் பழனிவேல் சொன்னார். "அண்ணே, நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒனக்கு விசில் ஆவுல. வுட்டுடு. எத்தினி விசில் கேட்டாலும் அசையாத. நான் முன்னாடி வந்து தோளத் தொட்டு 'போலாம்ணே'ன்னு சொல்றேன். அப்ப எடு."

இது பலித்தது. விசில் அதுபாட்டுக்குக் கேட்கும். காத்தவராயன் கியரில் கை வைக்காமல் கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். கூட்டத்தில் நெருக்கிக்கொண்டு பழனிவேல் வருவார்; தோளில் கை விழும். அந்தக் கை விழும்போதெல்லாம் காத்தவராயனுக்கு உள்ளே ஏதோ ஒன்று மெல்ல இறங்கி அமரும். சில வாரங்கள் அவர் வீட்டில் ஒழுங்காகச் சாப்பிட்டார். செத்தவரைப் பற்றி மனைவி ஞானாம்பாளிடம் அழாமல் பேசினார். இன்னும் கொஞ்சம் காலம் இப்படி விட்டிருந்தால் விசிலும் நின்றிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் டிக்கெட் பரிசோதகர் ஒருவர் ஏறினார், பார்த்தார், எழுதினார்.

இருவரையும் அறிவழகன் நிற்க வைத்துக் கேட்டார். "ஓட்டுநரிடம் பேசுவதே குற்றம். நீ தொட்டும் இருக்கிறாய். விசில் எதற்குக் கொடுத்திருக்கிறோம்?"

"சார், அப்புடிச் செஞ்சதாலதான் வண்டி பத்திரமா ஓடுது" என்றார் பழனிவேல்.

"பத்திரமாக ஓடுகிறதா இல்லையா என்று யார் கேட்டது? விதிப்படி ஓடுகிறதா என்றுதான் கேட்கிறோம். தொட்டுத்தான் ஓட்ட முடியும் என்றால் அவன் மனம் சரியில்லை என்று ஆகிவிடும். நம் நிறுவனத்தில் மனம் சரியில்லாத ஓட்டுநர் ஒருவர்கூட இல்லை என்று மேலே எழுதி அனுப்பிவிட்டேன். இனிமேல் தொட்டால் உன் வேலை போகும்."

அன்று ராத்திரி ஞானாம்பாள், "வேலய வுட்டுடுங்க" என்றாள். மகள் காயத்ரிக்குப் படிப்பு முடிய ஒரு வருஷம் இருந்தது. அவள் பெயரை இரண்டு பேருமே எடுக்கவில்லை. காலையில் காத்தவராயன் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு போனார். வரிசையில் நின்று பல்லைக் காட்டினார். அதற்குள் அவருக்கு அது நன்றாகப் பழகிவிட்டிருந்தது.

பு.முட்லூரில் ஆரோக்கியம்மாள் ஏறினாள். குமராட்சிக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் நடவுக்கும் களைக்கும் போகிறவள். மகளுக்குப் பிள்ளை பிறந்து, பார்க்க வந்து, இரண்டு நாள் இருந்து குளிப்பாட்டிவிட்டுத் திரும்புகிறாள். ஒரு கையில் ஒயர் கூடை, ஒரு கையில் கம்பி, ஒரு கால் பின்படியில். இரண்டு விசில் கேட்டது, இரண்டாவது இழுத்து. காத்தவராயன் பதறிப் பக்கவாட்டுக் கண்ணாடியைத் தேடினார். கண்ணில் பட்டது சிரிப்புக் கண்ணாடி. அதில் அவருடைய பல் தெரிந்தது. கால் கிளட்சை விட்டது.

இந்த இடத்தில் கேலி செய்ய ஒன்றும் இல்லை. அவள் அங்கேயே செத்துப்போனாள். காத்தவராயன் இறங்கி ஓடிப்போய்ச் சக்கரத்துக்குப் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தார். "நான் சொன்னேனே, நான் சொன்னேனே" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். ஜனங்கள் அடிக்கக் கை ஓங்கி, அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார்கள்.

போலீஸ் வழக்குப் போட்டு ஜாமீனில் விட்டது. அது கோர்ட்டில் வாய்தா வாய்தாவாக நடக்கும். நிறுவனத்தின் விசாரணை ஒரே நாளில் முடிந்தது.

"விபத்தன்று ஓட்டுநர் கையில் மகிழ்ச்சி முத்திரை இருந்ததா?" என்று கேட்டார் விசாரணைக் குழுத் தலைவர்.

"இருந்தது" என்றார் அறிவழகன். "நானே குத்தினேன்."

"சார், நான் விசிலே அடிக்கல" என்றார் பழனிவேல். "அவுருக்கு மட்டும் கேட்டிருக்கு. அவுரு மொதல்லேருந்தே சொல்லிக்கிட்டு இருக்காரு சார்."

"விசில் இல்லாமல் வண்டி கிளம்பக்கூடாது என்று விதி இருக்கிறதா இல்லையா?"

"இருக்கு சார்."

"வண்டி கிளம்பியது. ஆகவே விசில் அடிக்கப்பட்டது."

காத்தவராயன் கையெடுத்துக் கும்பிட்டார். "என் தப்புதான் சார். என் மனசு அங்க இல்ல. எனக்கு எதனா தண்டன குடுங்க."

குழுத் தலைவர் கனிவாகப் பார்த்தார். "மகிழ்ச்சியான ஓட்டுநருக்குக் கவனம் சிதறாது என்று நிபுணர்கள் நிரூபித்திருக்கிறார்கள். நீ மகிழ்ச்சியாக இருந்தாய். ஆகவே உன் கவனம் சிதறவில்லை. ஆனால் விபத்து நடந்திருக்கிறது. அப்படியானால் வேறு யாருக்கோ கவனம் சிதறியிருக்க வேண்டும். அந்த அம்மாள் பேரக்குழந்தையை நினைத்துக்கொண்டே ஏறியிருக்கிறார். மனித இயல்பு. நாம் அவரைக் குறை சொல்ல வேண்டாம், குறித்துக்கொள்வோம்."

செத்தவளுக்குப் பயிற்சி கொடுக்க முடியாது என்பதால் வாரிசுக்குக் கொடுப்பது என்று தீர்மானமாயிற்று. சிதம்பரம் கிளையில் நடந்த வகுப்புக்கு அவளுடைய புருஷன் தேவசகாயம் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஆரோக்கியம்மாளின் ஒயர் கூடை நிறுவனத்தில் இருந்தது. கவனப் பயிற்சி முடித்து முத்திரை வாங்கினால்தான் தருவார்களாம். அதே பெஞ்சின் மறு ஓரத்தில் காத்தவராயன் இருந்தார். வண்டிக்குத் திரும்பும் முன் அவரும் ஒரு வகுப்பு இருக்க வேண்டும். பெயர் வாசித்தபோது இருவரும் ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டார்கள்.

அறிவழகன் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தேவசகாயம் மெதுவாகக் கேட்டார். "விசில் அடிச்சாங்களா?"

"இல்லீங்க. அடிக்கவே இல்ல. எனக்கு மட்டும் கேக்கும். செத்துப்போன என் கண்டக்டர் அடிக்கிற மாதிரி."

"அது தெரிஞ்சேதான் ஓட்டுனீங்களா?"

"தெரிஞ்சேதான். சொல்லிச் சொல்லிப் பாத்தேன். எறக்கி வுடல."

தேவசகாயம் அவர் பக்கம் திரும்பினார். பிறகு, "நீங்களா எறங்கியிருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் காத்தவராயன் தாங்கியிருப்பார்.

கடைசியில் எல்லோரும் எழுந்து சிரிக்க வேண்டும். தேவசகாயத்துக்கு வரவில்லை. உதட்டை அசைத்தால் தாடை நடுங்கியது. "வரலன்னா அடுத்த மாசம் வாங்க" என்றார் அறிவழகன்.

"அந்தக் கூட அவ பின்னுனதுங்க" என்றார் தேவசகாயம். "புள்ளயோட துணி கெடக்குது உள்ள. தொவைக்கறதுக்கு எடுத்தாந்தா."

காத்தவராயன் அவர் பக்கம் நகர்ந்து நின்றார். அவர் கற்று வைத்திருந்தது ஒன்றே ஒன்று. "பல்ல மட்டும் காட்டுங்கய்யா" என்றார் தாழ்ந்த குரலில். "கண்ண இவுங்க பாக்க மாட்டாங்க."

தேவசகாயம் பல்லைக் காட்டினார். கன்னத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அறிவழகன் மணிக்கட்டைப் பிடித்து 'மகிழ்ச்சி' என்று குத்தினார். கூடையை வாங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு அந்த மனிதர் போனார். பஸ் நிலையத்தில் மினிபஸ் நின்றிருந்தது. அவர் அதில் ஏறவில்லை, குமராட்சி ரோட்டில் நடந்தார்.

அடுத்த நாள் காத்தவராயன் வண்டி எடுத்தார். முதுநகரில் விசில் கேட்டது. நிஜ விசிலா பொய் விசிலா, அவருக்குத் தெரியாது. கைப்பிரேக்கைப் போட்டார், கதவைத் திறந்து இறங்கினார், வண்டியைச் சுற்றிப் பின்படிக்கட்டுக்கு வந்தார். எல்லோரும் ஏறிவிட்டார்களா என்று கண்ணால் பார்த்தார், சக்கரத்தின் கீழே குனிந்து பார்த்தார், திரும்பி வந்து ஏறி எடுத்தார். காரைக்காட்டிலும் அப்படியே செய்தார். ஆலப்பாக்கத்தில், புதுச்சத்திரத்தில், பு.முட்லூரில், நிறுத்தம் எதையும் விடவில்லை. பயணிகள் திட்டினார்கள். "பைத்தியமாய்யா நீ?" என்று ஒருவன் கேட்டான். "அவுரு பாக்கட்டும், வுடுய்யா" என்றாள் மங்கலம். "நீ கீழ வுழுந்தா தெரியும்."

வண்டி தினமும் தாமதமாகச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தது. நிறுவனம் அதிர்ந்தது. ஒரு மெமோ வந்தது, இன்னொன்று வந்தது. அடுத்தது தட்சிணாமூர்த்தியே கூப்பிட்டு நேரில் கொடுத்த உத்தரவு. தொடர்ந்து காலதாமதம் செய்த கடுங்குற்றத்துக்காகக் காத்தவராயன் ஓட்டுநர் பணியிலிருந்து உடனே இறக்கப்படுகிறார். இனிமேல் டயர் பிரிவில் வேலை.

காத்தவராயன் உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இத நான் வந்து கேட்ட அன்னிக்கே குடுத்திருந்தா, அந்தம்மா இந்நேரம் பேரப்புள்ளய குளிப்பாட்டிக்கிட்டு இருந்திருக்கும் சார்."

தட்சிணாமூர்த்தி நிமிர்ந்து பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"அப்பல்லாம் ஒன் வண்டி நேரத்துக்குப் போயிட்டுத்தானேய்யா இருந்துச்சு?" என்றார்.